என்றால் சரிதான்

கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் எழுதுவதற்கென்றே ஒரு தமிழ் உண்டு. குறுக்கு விசாரணையில் வக்கீல், “அன்னைக்கு நீங்க ஊர்லயே இல்ல, அப்படித்தானே?” என்று கேட்பார். சாட்சி “ஆமாங்க” என்பார். தட்டச்சர் அடிப்பது இப்படி: “சம்பவத்தன்று நான் ஊரில் இல்லை என்றால் சரிதான்.” சாட்சி மறுத்தால், “என்றால் சரியல்ல.” கேள்வி காணாமல் போய்விடும். வக்கீலின் வார்த்தை சாட்சியின் வாயிலிருந்தே வந்ததுபோலக் காகிதத்தில் உட்கார்ந்துவிடும். முப்பது வருடத் தொழிலில் இந்த ‘என்றால் சரிதான்’களை நம்பித்தான் என் வீட்டு அடுப்பு எரிந்தது. அவற்றில் பதினொன்று மட்டும் இன்றைக்கும் வரிசை மாறாமல் நினைவில் இருக்கின்றன. பதினொன்றும் ஒரே தாயின் சாட்சியத்தில் உள்ளவை.

2018-ஆம் ஆண்டு. தென்மாவட்டம் ஒன்றின் குடும்ப நீதிமன்றம். ஊரும் பேரும் வேண்டாம். அந்தப் பையனை வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர் எனக்குத் தெரியும், அதையும் எழுதப்போவதில்லை. நான் தந்தையின் வக்கீல்.

அவர் அரசு ஊழியர், ஐம்பதைத் தொடும் வயது. கூடவே அவருடைய அண்ணன். நாற்காலியில் உட்கார்ந்ததும் மகனுடைய பிறப்புச் சான்றிதழை எடுத்து மேசைமேல் வைத்தார். “போன மாசத்தோட பதினெட்டு முடிஞ்சிடுச்சு சார்.” பையனுக்கு ஏழு வயதாகும்போது இவர் வீட்டைவிட்டு வெளியேறிவிட்டார். 2009-இல் ஜீவனாம்ச உத்தரவு வந்தது. மனைவி தையல் வேலை செய்து சம்பாதித்ததால், பையனுக்கு மட்டும் மாதம் 2,500 ரூபாய். ஒன்பது வருடத்தில் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. வங்கிச் சலான்களைத் தேதிவாரியாக நூல் கட்டிக் கொண்டுவந்திருந்தார். ஜீவனாம்ச வழக்கில் அப்படியொரு கட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வாரண்ட் போட்டால்தான் பணம் கட்டும் ஆட்களோடுதான் எனக்குப் பழக்கம்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு (இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 144) பிள்ளைகளின் ஜீவனாம்சத்தைப் பொதுவாகப் பதினெட்டு வயதோடு நிறுத்துகிறது. ஒரு விலக்கு உண்டு. உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள இயலாத பிள்ளைக்கு வயது வரம்பு கிடையாது. சூழ்நிலை மாறினால் உத்தரவை மாற்றக் கேட்கலாம் என்பது 127-ஆவது பிரிவு. அதன்கீழ் மனுப் போட்டேன். பையன் வயதுக்கு வந்துவிட்டான். ஓரளவு தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறான். மாதம் 1,500 ரூபாய் அரசு பராமரிப்பு உதவித்தொகையும் கிடைக்கிறது. ஆகவே உத்தரவை ரத்து செய்ய வேண்டும். இப்படித்தான் எழுதினேன். எழுதும்போது கை நடுங்கியது என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். இன்னொரு மனு, அவ்வளவுதான்.

எங்கள் வழியில் ஒரே ஒரு காகிதம் நின்றது. மருத்துவக் குழு கொடுத்த சான்றிதழ்: மிதமான அறிவுசார் குறைபாடு, 75 விழுக்காடு. மருத்துவரைக் கூண்டில் ஏற்றி அந்த எண்ணை அசைப்பது கடினம். ஆனால் தாய் இருக்கிறாரே.

விசாரணை நாளன்று அந்த அம்மாள் மகனையும் கூட்டிவந்திருந்தார். விட்டுவிட்டு வர ஆளில்லை. பையன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மடியிலிருந்த பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். அந்தச் சத்தத்துக்கு டவாலி இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். அம்மாள் கூண்டில் ஏறிய பிறகும் பார்வை என்மீது இல்லை, நீதிபதிமீதும் இல்லை. அந்த ஜிப்பின்மீதே இருந்தது.

அவருக்காக வந்தவர் இலவச சட்ட உதவி மையம் அனுப்பிய இளம்பெண் வக்கீல். முதல் விசாரணை பத்தே நிமிடம். சான்றிதழைக் குறியீடு செய்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்தேன். அதட்டலாகத் தொடங்குவேன் என்று அம்மாள் எதிர்பார்த்திருக்க வேண்டும். முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் மெதுவாகக் கேட்டேன்.

“பையன் சாப்பாடெல்லாம் தானே சாப்பிடுவானாம்மா?”

“சாப்பிடுவான் சார். சிந்தாமச் சாப்பிடுவான்.”

“குளிக்கிறது?”

“தண்ணி விளாவி வச்சா அவனே குளிச்சுக்குவான்.”

“சட்டைப் பொத்தான்?”

இந்தக் கேள்விக்கு அவர் முகம் மாறியது. யாரும் அதுவரை அவரிடம் கேட்காத கேள்வி போலிருக்கிறது. “போடுவான் சார். அதுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. முதல்ல கோட்டுப் பொத்தான் மாதிரி பெருசா வாங்கித் தச்சேன். அது பழகினதும் கொஞ்சம் சின்னது, அப்புறம் இன்னும் சின்னது. இப்ப எல்லாரும் போடுற பொத்தான்தான். மேல உள்ளதை மட்டும் நான் போடணும்.”

தட்டச்சர் அடித்தார்: “என் மகன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வார் என்றால் சரிதான்.” கோட்டுப் பொத்தானும் இரண்டு வருடமும் காகிதத்தில் ஏறவில்லை. மேல் பொத்தானும் ஏறவில்லை. ஏற வேண்டாம் என்பதுதான் என் விருப்பமும்.

எந்த வயதில் கற்றுக்கொண்டான் என்று கேட்டேன். அவர் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் புரட்டினார். அட்டை பிய்ந்து பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

“அது என்னம்மா?”

“இவன் என்னென்ன கத்துக்கிட்டான்னு எழுதி வச்சிருக்கேன் சார். ஸ்பெஷல் ஸ்கூல் டீச்சர் எழுதச் சொன்னாங்க.”

“நான் பார்க்கலாமா?”

அந்த இளம் வக்கீல் எழுந்திருக்கப் பார்த்தார். அதற்குள் அம்மாள் நோட்டை நீட்டிவிட்டார். பிள்ளையின் மார்க் ஷீட்டைக் காட்டும் தாய் எப்படி நீட்டுவாளோ அப்படி. பக்கத்துக்கு மூன்று நான்கு வரிகள். இடப்பக்கம் தேதி, வலப்பக்கம் விஷயம். ‘தானா தண்ணி குடிச்சான்.’ ‘செருப்பு இடம் வலம் மாறாமப் போட்டான்.’ ‘ஒண்ணுக்கு வருதுன்னு சொன்னான்.’ வரிக்கும் வரிக்கும் நடுவே சில இடங்களில் ஐந்து மாதம், ஒரு இடத்தில் பதினான்கு மாதம். அப்போது அந்த இடைவெளிகளை நான் பார்க்கவில்லை. வரிகளை எண்ணினேன். நூற்று நாற்பதுக்கு மேல் இருந்தன. நோட்டை எங்கள் தரப்புச் சான்றாவணமாகக் குறியீடு செய்துகொண்டேன். வருடக்கணக்காக அந்தத் தாய் தன் கையாலேயே எழுதிய சாட்சியம், அவருக்கு எதிராக.

கேள்விகள் தொடர்ந்தன. படுக்கை மடிப்பான், சரி. மோட்டார் சுவிட்ச் போடுவான், சரி. பஸ் நம்பர் பார்த்துச் சொல்லுவான், சரி. ஒவ்வொரு ‘சரி’க்கும் அம்மாள் கூண்டில் கொஞ்சம் நிமிர்ந்தார். அவருடைய வக்கீல் கண்ணைக் காட்டிக்கொண்டே இருந்தார். இவர் கவனிக்கவேயில்லை. மகனைப் பற்றி இத்தனை பேர் முன்னால் நல்லதாக ஒருவர் கேட்டுக்கொண்டே போகிறாரே என்ற சந்தோஷத்தில் இருந்தார். பதினோராவது கேள்வி:

“கடைக்குப் போவானா?”

“போவான் சார். தினமும் காலைல பால் வாங்கிட்டு வருவான்.”

“தனியாவா?”

ஒரு கணம் தயக்கம். பின்பெஞ்சைப் பார்த்தார். “தனியாத்தான் சார்.”

“என் மகன் தினமும் தனியாகக் கடைக்குச் சென்று பால் வாங்கி வருவார் என்றால் சரிதான்.” நான் உட்கார்ந்துவிட்டேன். குறுக்கு விசாரணையில் தேவைக்கு மேல் ஒரு கேள்வி கேட்பவன் கெட்டான் என்பது என் சீனியர் சொல்லிக்கொடுத்த பாடம். அந்தத் தயக்கத்தை நான் பார்த்தேன், பார்த்துத்தான் நிறுத்தினேன்.

இளம் வக்கீல் “மறு விசாரணை இல்லை” என்றார். ஆனால் அன்று நடப்பிலிருந்த சாட்சியச் சட்டத்தின் 165-ஆவது பிரிவு நீதிபதிக்கு ஓர் அதிகாரம் தந்திருந்தது. எந்தச் சாட்சியிடமும் எந்த நேரத்திலும் அவர் கேள்வி கேட்கலாம். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

“பையன் பால் வாங்கப் போகும்போது நீங்க எங்கம்மா இருப்பீங்க?”

பதில் வரவில்லை. அம்மாள் மறுபடியும் பின்பெஞ்சைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, மகனுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல, “தெருமுனை போஸ்ட் கம்பத்துக்குப் பின்னால நின்னுட்டிருப்பேன் ஐயா” என்றார்.

நீதிபதி மேலே கேட்கவில்லை. அம்மாளே சொன்னார். எட்டு வருடமாக அப்படித்தான். மழை பெய்தால் குடையோடு. பாலுக்கு மாதக் கணக்காகக் கடைக்கார அண்ணாச்சியிடம் முன்கூட்டியே பணம் கொடுத்துவிடுவார். மகன் கையில் கொடுத்தனுப்புவது ஒரு பத்து ரூபாய் நோட்டு. அண்ணாச்சி அதை வாங்கிக் கல்லாவில் போட்டு, பாலைப் பையில் வைத்து, “சரியா இருக்கு தம்பி, போய்ட்டு வா” என்பார். சாயங்காலம் அம்மாள் போனால் அதே நோட்டு திரும்ப வரும். மகன் வீடு திரும்புவதற்குள் இவர் பின்வாசல் வழியாக ஓடிவந்து அடுப்படியில் நிற்க வேண்டும்.

“எனக்கு இதை ஏம்மா முதல்லயே சொல்லலை?” என்றார் நீதிபதி.

“தனியாப் போறோம்னு அவன் நம்பிட்டிருக்கான் ஐயா.”

தட்டச்சரின் விரல்கள் நின்றுவிட்டன. நீதிபதி வாசகம் சொன்னார், அவர் அடித்தார்: “தெருமுனை மின்கம்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பேன்.” அந்தச் சாட்சியத்தில் ‘என்றால் சரிதான்’ என்று முடியாத, அவருக்கே சொந்தமான வாக்கியம் அது. பையன் அதைக் கேட்டானா, கேட்டால் புரிந்ததா, எனக்குத் தெரியாது. ஜிப் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

அன்று சாயங்காலம் கட்சிக்காரரும் அண்ணனும் அறைக்கு வந்தார்கள். அண்ணன்தான் பேசினார். “அந்தப் பயலுக்குப் புத்தி கிடையாது, சொத்துலயும் பங்கு கிடையாது. மாசப் பணத்தையும் நிறுத்திட்டா இதோட முடிஞ்சது.” அந்த மனுவுக்குப் பின்னால் இருந்த கணக்கு எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் சொன்னது ஒரு காலத்துச் சட்டம். இந்து வாரிசுரிமையில் ஊனத்தைக் காரணம் காட்டி ஒதுக்கும் வழக்கத்தை 1928-ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் நீக்கியது; ஆனால் பிறவியிலேயே புத்தி குன்றியவர்களை அதுவும் வெளியேதான் நிறுத்தியது. 1956-இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, நோயோ ஊனமோ எதுவும் வாரிசுரிமையைப் பறிக்காது என்று அந்தக் கதவைத் திறந்துவிட்டது. “உங்க தம்பி உயில் எழுதாமப் போனா, அந்தப் பையன் முதல் வரிசை வாரிசு” என்றேன். அண்ணன் டீயைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

தம்பி போகவில்லை. ரொம்ப நேரம் கழித்து, “போஸ்ட் கம்பம்னா அந்த வளைவுல இருக்கிறது சார். நான் பார்த்துவச்ச வாடகை வீடுதான் அது” என்றார். பிறகு அவராகவே சொல்ல ஆரம்பித்தார். பையனுக்கு மூன்று வயதில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. பந்தியில் ஒரு பெரியவர், “இது யார் பக்கத்து ரத்தம்?” என்று கேட்டிருக்கிறார். மனைவியைக் காப்பாற்றவும் வாய் வரவில்லை, தன் பக்கம்தான் என்று சொல்லவும் வரவில்லை. அன்றோடு விசேஷங்களுக்குப் போவது நின்றது. அப்புறம் நேரத்தோடு வீட்டுக்கு வருவது நின்றது. “அடிச்சதில்ல சார், குடிச்சதில்ல. அவ அவனுக்குப் பொத்தான் போடச் சொல்லித் தர்றதை என்னால உட்கார்ந்து பார்க்க முடியலை. ஒரு பொத்தானுக்கு நாப்பது நிமிஷம். ஓடிட்டேன்.”

“பணம் மட்டும் தவறாமக் கட்டினீங்களே?”

“பதினெட்டு வரைக்கும்னு சொன்னாங்கல்ல. அந்தத் தேதியை மனசுல வச்சுக்கிட்டுத்தான் ஒவ்வொரு மாசமும் கட்டினேன்.”

இருவருக்கும் நடுவிலிருந்த வித்தியாசம் எனக்கு அங்கேதான் விளங்கியது. மற்ற பெற்றோருக்குப் பிள்ளை வளர்ப்பு ஓரிடத்தில் முடிந்து, பிள்ளை தங்களைப் பார்த்துக்கொள்ளும் காலம் வரும். இவர்களுக்கு அது இல்லை. தந்தை அந்த முடிவில்லாமையைத் தாங்க முடியாமல் சட்டத்திடமிருந்து ஒரு தேதியைக் கடன் வாங்கிக்கொண்டார். தாய் தேதியை நோட்டின் இடப்பக்கத்தில் எழுதினார். ஒரு நாள் ஒரு வரி கிடைத்தால் அடுத்த வரி வரும்வரை அதை வைத்து ஓட்டினார். ஓடிப்போனவர் கல்நெஞ்சர், கூடவே இருந்தவர் தெய்வம் என்று கதையை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. இருவருக்கும் இருந்தது ஒரே பயம்.

அந்த அம்மாளை நானும் சட்டமும் எங்கே கொண்டு நிறுத்தினோம் என்பதும் அன்றிரவுதான் உறைத்தது. மாதம் 2,500 ரூபாய் வேண்டுமென்றால் என் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, ஒன்றும் முடியாது என்று அவன் காதுபட அவர் சொல்ல வேண்டும். அவனால் முடியும் என்று சொன்னால் பணம் போய்விடும். வருடக்கணக்காக ‘முடியும்’ என்ற சொல்லை வரி வரியாகச் சேர்த்த தாயிடம், அத்தனையையும் கோர்ட்டு வாசலில் போட்டுவிட்டு உள்ளே வா என்றோம். அவர் போடவில்லை. அதைத்தான் நான் அவருடைய பலவீனமாகப் பயன்படுத்தினேன்.

மனுவைத் திரும்பப் பெறலாம் என்று கட்சிக்காரரிடம் சொன்னேன். அண்ணனைக் கேட்க வேண்டும் என்றார். வாய்தாக்கள் போயின. 2019-இல் உத்தரவு வந்தது: எங்கள் மனு தள்ளுபடி; தாயின் எதிர்மனுவை ஏற்று ஜீவனாம்சம் மாதம் 6,000 ரூபாயாக உயர்வு. பொத்தான் போடத் தெரிவதும் பிழைக்கத் தெரிவதும் ஒன்றல்ல என்ற பொருளில் நீதிபதி எழுதியிருந்தார். அடுத்த ஆண்டு நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், தொடர்ந்த கவனிப்பும் செலவும் தேவைப்படும் பிள்ளையின் ஊனத்தை ஜீவனாம்சத் தொகையை முடிவு செய்யும்போது கணக்கில் எடுக்க வேண்டும் என்று சொன்னது. எங்கள் ஊர் நீதிபதி அதற்கு முன்பே அதைச் செய்துவிட்டார்.

உத்தரவு வாசித்த அன்று அம்மாள் வராந்தாவில் என்னைத் தேடி வந்தார். திட்டப்போகிறார் என்று நின்றேன். “சார், அந்த நோட்டு எப்பக் கிடைக்கும்?” என்றார். ஆறாயிரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சான்றாவணம் வழக்குக் கட்டோடு இருக்கும். சீராய்வுக்கான காலம் கழிந்த பிறகுதான் மனுப் போட்டு வாங்க முடியும் என்றேன். “அதுவரைக்கும் தனித் தாள்ல எழுதி வைக்கிறேன்” என்றார்.

என் கட்சிக்காரர் சீராய்வுக்குப் போகவில்லை. நோட்டை வாங்கும் மனுவை நானே எழுதினேன், குமாஸ்தாவிடம் கொடுக்கவில்லை. முதல் பக்கத்தில் கோர்ட்டு முத்திரையும் சான்றாவண எண்ணும் சிவப்பு மையில் இருந்தன.

நோட்டை ஒப்படைத்தபோது அவருடைய வக்கீலிடம் இன்னொன்றும் சொன்னேன். பதினெட்டு முடிந்த பிள்ளைக்குப் பெற்ற தாயானாலும் தானாகச் சட்டப்பூர்வக் காப்பாளர் ஆகிவிட முடியாது. வங்கியிலோ பத்திரப் பதிவிலோ கையெழுத்து என்று வந்தால் மாட்டிக்கொள்வார்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் இதற்கு வழி செய்திருக்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர் அளவிலான குழு. பதிவு பெற்ற அமைப்பின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் அதில் உறுப்பினர்கள். கோர்ட்டுக்குப் போக வேண்டாம், அந்தக் குழுவிடம் விண்ணப்பித்தால் போதும்.

விண்ணப்பத்தில் தந்தையும் கையெழுத்திட்டார். ஆட்சியர் அலுவலகத்துக்கு அவரோடு நானும் போனேன். தாயும் தந்தையும் பெஞ்சின் இரண்டு முனைகளில், நடுவில் பையன். அந்தச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு குழுவைப் பார்க்கச் சொல்வது இரண்டு விஷயங்களை: இவருக்குக் காப்பாளர் தேவையா, தேவையென்றால் எந்தெந்தக் காரியத்துக்கு. ஊன்றுகோலோடு வந்திருந்த உறுப்பினர் அதைத்தான் கேட்டார். “தம்பிக்கு எதெதுக்கும்மா ஆள் வேணும்?”

அம்மாள் நோட்டைத் திறக்கவில்லை. “பணம் எண்ணத் தெரியாதுங்க. கையெழுத்து, பேங்க் அதெல்லாம் ஆகாது. காய்ச்சல் வந்தா எங்க வலிக்குதுன்னு சொல்லத் தெரியாது. மத்தபடி அவன் வேலையை அவன் பார்த்துப்பான். பால் வாங்கிட்டு வருவான்.” கொஞ்சம் நிறுத்தி, “நான் பின்னால போவேன்” என்றார். இந்த முறை குரலைத் தாழ்த்தவில்லை. எதையும் விட்டுக்கொடுக்கவும் வேண்டியிருக்கவில்லை. கேள்வி ஒழுங்காக இருந்தது. பதிலும் ஒழுங்காக வந்தது.

தாயைக் காப்பாளராக நியமித்தார்கள். ஆறு மாதத்துக்குள் பையனின் சொத்து, வரவு விவரங்களைக் குழுவிடம் தர வேண்டும், பிறகு ஆண்டுதோறும் கணக்கு என்று சொல்லி அனுப்பினார்கள். வெளியே வந்து அவர் கேட்டது, இந்தப் பெற்றோர்கள் எல்லோரும் கேட்பது. “எனக்கு அப்புறம்?” வேறு காப்பாளரை நியமிக்கக் கேட்கலாம், பிள்ளையைச் சரியாகக் கவனிக்காத காப்பாளரை நீக்கவும் அதே குழுவுக்கு அதிகாரம் உண்டு என்று சட்டத்தைச் சொன்னேன். அவர் கேட்டது சட்டத்தை அல்ல என்பது எனக்கும் தெரியும். எனக்கு ஒரு நாள் முன்னால் அவன் போய்விட வேண்டும் என்று சாமியிடம் வேண்டுகிற தாய்மார்களை அதற்குப் பிறகு நான் நிறையப் பார்த்துவிட்டேன். அந்த வேண்டுதலுக்கு எந்தப் பிரிவிலும் பதில் இல்லை.

இப்போது இப்படிப்பட்ட தாய்மார்களுக்காக வக்காலத்துப் போடும்போது, கூண்டில் ஏற்றுவதற்கு முன் நோட்டை முழுவதும் வாங்கிப் படிக்கிறேன், வரிகளோடு இடைவெளிகளையும் சேர்த்து. எதிர்த்தரப்பில் நிற்கும் இளம் வக்கீல்களுக்கு ஒரு வார்த்தை: அந்தத் தாய் நிமிர்ந்து பதில் சொல்ல ஆரம்பித்தால், நீங்கள் ஜெயித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைக்குப் பதினெட்டு நெருங்கும்போதே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் காப்பாளர் விண்ணப்பத்தைக் கேளுங்கள். ஊனச் சான்றிதழைப் புதுப்பித்து வையுங்கள். அரசு பராமரிப்பு உதவித்தொகை இப்போது மாதம் 2,000 ரூபாய், வாங்காதவர்கள் விண்ணப்பியுங்கள். பிரிந்து வாழ்கிறீர்கள் என்றால், பதினெட்டோடு ஜீவனாம்சம் நின்றுவிடும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள இயலாத பிள்ளைக்கு அது நிற்காது.